மாம்சம் எது? ஆவி எது?

கிறிஸ்தவ மதத்தில் "மாம்சம்" என்றும் "ஆவி" என்றும் இரண்டு சங்கதிகள் உண்டு. மனிதனுக்குள்ளே இவ்விரண்டும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன என்றும், மாம்சம் பாவ இச்சைகளின் பக்கம் இழுக்கிறது, ஆவியோ கடவுள் பக்கம் இழுக்கிறது என்றும், ஆவிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து நடக்கிறவனே கரையேறுவான் என்றும் பாதிரிமார்கள் போதிக்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் முக்கிய ஆதாரம், பவுல் என்பவர் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரமாகும்.

இந்தப் போதனையைப் பரீட்சை செய்து பார்க்க நமக்குத் தூர தேசம் போகவேண்டியதில்லை. நமது சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையே போதும். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அங்கே கிறிஸ்தவக் கோயில்கள் உண்டு. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடம் உண்டு. 1917-இல் ஏற்பட்ட மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் உண்டு. சலேசிய சபையார் தங்கள் இளந்துறவிகளைப் பழக்கிவந்த மடமும் உண்டு. கீழ்நாட்டின் சந்தடியை விட்டு, குளிர்ந்த காற்றில் சில நாள் தியானம் செய்து மாம்சத்தை அடக்கலாம் என்று மலை ஏறுகிறவர்களும் உண்டு. அதே மலையில்தான் காப்பித் தோட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் மலையாளிகள் என்னும் மலைவாசிகளும், கீழிருந்து பிழைப்புக்காக ஏறிவந்த கூலி ஜனங்களும் களை வெட்டி, பழம் பறித்து, மூட்டை சுமந்து வருகிறார்கள். இச்சையை அடக்கு என்ற உபதேசம், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் கனவானுக்கும், அன்றாடம் கூலி வாங்கும் ஏழைக்கும் ஒரே பலனைத் தருமா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

முதலில் அந்தச் சொற்களையே பார்ப்போம். "ஆவி" என்பது தமிழனுக்குப் புதிய சொல் அல்ல. கஞ்சிப் பானையைத் திறந்தால் கிளம்புவதும் ஆவி, மூச்சும் ஆவி, செத்தவன் திரும்பி வருவதாகச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துவதும் ஆவி. தமிழில் பைபிள் செய்தவர்களில் ஒருவரான பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தமது கடைசிக் காலத்தைக் கழித்தது இந்த ஏற்காட்டில்தான் என்பது அநேகருக்குத் தெரியாது. அவர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் இருந்தபோது, சைவரான ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினார். அது 1850-இல் அச்சாயிற்று. பிறகு அவர் சென்னை மாகாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். "தினவர்த்தமானி" என்ற தமிழ் வாரப் பத்திரிகையை 1855 முதல் நடத்தினார். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். 1882-இல் ஏற்காட்டில் காலமானார். நம் ஜனங்களின் வாய்ச்சொல்லைச் சேர்த்து வைத்த அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட். அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டையே தம் ஊராக்கிக்கொண்டவர். மாமனார் ஆவியைப் பற்றிய புத்தகத்தைத் தமிழாக்கினார் என்றால், மருமகன் கல்லைப் படித்தார். 1863-இல் சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, இந்நாட்டில் மனிதன் எவ்வளவு பழையவன் என்பதைக் காட்டிய முதல் சாட்சி. அதே வருஷத்தில் அவரும் அவர் கூட்டாளியும் கண்ட அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள், அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். 6,000 வருஷத்துக்கு முன் கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார் என்று கணக்குச் சொல்லி வந்தவர்களுக்கு இது என்ன பதில் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறொன்று. இத்தனை லட்ச வருஷமாக மனித வர்க்கம் அற்றுப்போகாமல் இருந்தது எதனால்? பசித்தபோது தின்றதனால்; குளிருக்கு ஒதுங்கியதனால்; ஆணும் பெண்ணும் விரும்பிச் சேர்ந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததனால். அதாவது, எந்தச் சரீர இச்சையைப் பாவத்தின் வேர் என்கிறார்களோ அந்த இச்சைதான் பிரசங்கிக்கும் பாதிரியாரையும் கேட்கும் சபையாரையும் இன்று உலகத்தில் உட்கார வைத்திருக்கிறது. ஆகவே இச்சை என்பதே பாவம் என்று சொல்லுவது அறிவுக்குப் பொருந்தாது. அந்த இச்சை பிறனுடைய வயிற்றில் அடிக்கும்போது, பிறனுடைய உடம்பைப் பலாத்காரம் செய்யும்போது, பிறனுடைய மானத்தைப் பறிக்கும்போது அது குற்றமாகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆவி இறங்கவேண்டியதில்லை. அடிபட்டவனைக் கேட்டாலே போதும்.

இனி பவுலின் கடிதத்துக்கு வருவோம். பாதிரிமார்களில் பலர் மாம்சம் என்றவுடன் பெண்ணையும் கள்ளையும்தான் எடுத்துக்கொள்ளுகிறார்கள். பவுல் கொடுத்திருக்கும் ஜாபிதாவை நாம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 17 இனங்கள். அவற்றில் ஆண் பெண் ஒழுக்கத்தைப் பற்றியவை 4. பொய்த்தெய்வ வணக்கமும் மந்திர தந்திரமும் சேர்ந்து 2. குடியும் கூத்தும் சேர்ந்து 2. பாக்கி 9-உம் என்னவென்றால் பகை, கட்சிச் சண்டை, பிரிவினை, பொறாமை, கொலை முதலிய, மனிதன் மனிதனுக்குச் செய்யும் கேடுகள். பாதிக்கு மேல் இவைதான்! அதேபோல் ஆவியின் கனி என்று 9 குணங்களைச் சொல்லுகிறார். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இச்சையடக்கம், அதுவும் கடைசியில். அன்பு, சமாதானம், பொறுமை, தயவு என்று மற்றவற்றில் பெரும்பாலானவை ஒருவன் அடுத்தவனிடத்தில் எப்படி நடந்துகொள்ளுகிறான் என்பதைப் பற்றியவையே. இப்படியிருக்க, 9 போனால் போகட்டும், 6 போதும் என்று பிரசங்கிப்பது எந்தக் கணக்கு?

இன்னும் ஒரு விசேஷம். அந்தக் கடிதம் எதனால் பிறந்தது தெரியுமா? கூட உட்கார்ந்து சாப்பிடுகிற சண்டையும் அதற்கு ஒரு காரணம். அந்தியோகியா பட்டணத்தில் பேதுரு என்னும் பெரிய சீஷர், யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சில யூத ஆசாரக்காரர்கள் வந்து சேர்ந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். இது அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதாவது, மாம்சத்தையும் ஆவியையும் பற்றிய 5ஆம் அதிகாரத்துக்கு வாசற்படியாக நிற்பது சமபந்தி விஷயம்! நம் நாட்டுப் பாதிரிமார்கள் 5ஆம் அதிகாரத்தைப் போதித்த அளவுக்கு இந்த 2ஆம் அதிகாரத்தையும் போதித்திருந்தால் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் சரித்திரமே வேறாயிருக்கும்.

அந்தச் சரித்திரம் என்ன? 1833-இல் கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வித்தியாசத்தை அடியோடு உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் முதலிய இடங்களில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் என்ன செய்தார்கள்? சாதியை விடவில்லை, கோயிலை விட்டார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கட்டிய கோயிலில், பீடம் ஒன்று, ஜனங்கள் உட்காரும் கூடம் இரண்டு, நடுவே சுவர் என்று வைத்து வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்தார்கள். 1910-இல் அந்தச் சுவரை இடித்தபோது, இடிக்கக்கூடாது என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை ஐகோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கும் நடுவே சுவர் வைத்தார்கள்; அதை இடிக்கவேண்டும் என்று 2010-லும் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. உயிரோடிருந்தவரை ஆவி ஆவி என்றவர்கள், செத்துப் புதைந்தபின் மாம்சம் மாம்சத்தோடு கலந்துவிடுமோ என்று பயந்தார்களே, இதை என்னவென்று சொல்லுவது? மண்ணுக்குள்ளே புழுவுக்குச் சாதி தெரியுமா?

இந்திய கத்தோலிக்க பிஷப்புமார்கள் சபை 2016-இல் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள்ளே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியமே. ஆனால் வில்சனின் உத்தரவுக்கும் இந்த அறிக்கைக்கும் இடையே 183 வருஷம். ஒரு வாலிபன் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தான் என்பதற்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் அன்றைக்கே தண்டனை; பந்தியில் பிரித்து உட்காரவைத்தவனுக்கு மட்டும் 183 வருஷ வாய்தாவா?

பெண்கள் விஷயத்திலும் இதே தராசுதான். மாம்ச பாவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்று வேதம் சொல்லுவதாகச் சொல்லுகிறார்கள். ஆனால் கிறிஸ்தவர்களுக்காக இந்நாட்டில் ஏற்பட்ட 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம் என்ன சொன்னது? மனைவி சோரம் போனாள் என்று மட்டும் காட்டினால் புருஷனுக்கு விடுதலை. புருஷன் சோரம் போனால் அது மட்டும் மனைவிக்குப் போதாது. அதோடு அவன் அவளைக் கொடுமைப்படுத்தினான், அல்லது கைவிட்டுப் போனான் என்பது போல் இன்னொரு குற்றத்தையும் அவள் ருசுப்படுத்த வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001-இல் திருத்தப்படும் வரை 132 வருஷம் நடந்தது. அப்படியானால் ஆணின் மாம்சத்துக்கு ஒரு விலை, பெண்ணின் மாம்சத்துக்கு ஒரு விலை என்றுதானே அர்த்தம்?

மறுபடியும் மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை. பிறகு தோட்டங்கள் பெருகின. அவற்றுக்குக் கூலி வேண்டியிருந்தது. 1859ஆம் வருஷத்து 13ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிய கூலியாள் சொன்னபடி வேலை செய்யாமல் போனால் மாஜிஸ்திரேட்டு அவனை ஜெயிலுக்கு அனுப்பலாம். இந்த மாகாணத்துத் தோட்ட முதலாளிகளுக்கு இது கைவந்த ஆயுதமாயிருந்தது. 1920-களின் நடுவில்தான் அது ரத்தாயிற்று. கூலிக்காரன் ஓடினால் குற்றம். அவன் ஏன் ஓடினான் என்று கேட்க ஆளில்லை. வீடு, வைத்தியம், குடி தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இவற்றையெல்லாம் எஜமான் செய்துதர வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. காப்பி மலை ஏறி நூறு வருஷத்துக்கு மேலாகியும், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன துரைமார்களின் மனதில் எந்த ஆவியும் தானாக இறங்கி இதைச் செய்துவிடவில்லை. பேராசையும் ஒரு இச்சைதான். ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு வந்தால் அதை மாம்சம் என்று அழைக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை.

குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். குடி கெட்டது என்பதில் நமக்குப் பாதிரிமார்களோடு தகராறு இல்லை. இந்தச் சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ந் தேதி, இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது. யுத்த காலத்தில் அது கைவிடப்பட்டது; பிறகு மாகாணம் முழுதும் வந்தது; 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக் கம்பெனியே சில்லறைக் கடை வைத்து விற்கலாயிற்று. ஒரு பக்கம் சர்க்கார் கடையைத் திறந்து வைக்கிறது. மறுபக்கம் நாளெல்லாம் மழையில் நனைந்து, இரவில் ஒழுகும் கூரையின் கீழ் படுக்கிறவன் அங்கே போகிறான். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அவனைப் பார்த்து, "உன் மாம்சம் உன்னைக் கெடுத்தது" என்கிறார். அவன் உடம்பு ஒன்றுதானா குற்றவாளி? விற்றவன் யார்? விற்ற பணத்தை எண்ணுகிறவன் யார்? இவர்கள் பெயர் ஏன் பிரசங்கத்தில் வருவதில்லை? ஏழையின் சத்துருவை அவன் தோலுக்குள்ளேயே தேடச் சொன்னால், தோலுக்கு வெளியே நிற்கும் சத்துருவுக்குச் சுகவாழ்வுதான்.

இங்கே கிறிஸ்தவ நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "குடி கெடுதி என்று தெரிந்தும் குடிக்கிறானே, கோபம் தப்பு என்று தெரிந்தும் அடிக்கிறானே, வெறும் அறிவு அவனை எங்கே தடுத்தது?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. நல்லது என்று தெரிந்ததைச் செய்ய முடியவில்லை, வெறுத்ததையே செய்கிறேன் என்று பவுலே ரோமாபுரியாருக்கு எழுதிய கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில் புலம்புகிறார். அந்தப் புலம்பல் பொய்யல்ல; நம்மில் எவனும் அறிந்ததே. ஆனால் அதற்கு மருந்து என்ன என்பதில்தான் பேதம். 1935-இல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் குடிப்பழக்கத்தில் கெட்ட இருவர் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்கிக் குடியை நிறுத்தினார்கள். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்று உலகமெல்லாம் இருக்கிறது. அவர்களும் மேலான ஒரு சக்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அதை அவரவர் தமக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு சக்தியை நினைத்தும் குடி நிற்கிறது என்றால், எல்லாருக்கும் பொதுவாக இருந்தது எது? பக்கத்தில் உட்கார்ந்த மனிதன்! வெட்கப்படுத்தாமல் கேட்டவன், விழுந்தால் திட்டாமல் தூக்கியவன், மறுநாளும் வந்தவன். இதற்கு ஆவி என்று பெயர் வைத்தால் பெயருக்காக நாம் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் வேலை செய்தது மனிதனுக்கு மனிதன் காட்டிய சமத்துவமும் இரக்கமும் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம் என்கிறோம்.

இந்து நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். காமம், குரோதம் என்று ஆறு உட்பகைகளை எண்ணிக்கொண்டே, கூட இருந்து உண்பதைப் பாவம் என்றும் ஒதுக்கி வைப்பதைத் தர்மம் என்றும் எழுதி வைத்த சாஸ்திரங்கள் நம் வீட்டில்தான் இருக்கின்றன. பவுலாவது பந்தியை விட்டு எழுந்தவனைக் குற்றவாளி என்றார். நமது சாஸ்திரமோ பந்தியில் உட்கார்ந்தவனைக் குற்றவாளி என்றது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சுவரைக் கட்டிய கல் எங்கிருந்து போயிற்று என்றால், நம் ஊர் அக்கிரகாரத்திலிருந்தும் நாட்டாண்மைத் திண்ணையிலிருந்தும்தான் போயிற்று.

கிறிஸ்தவர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்து ஏழைகளுக்குச் செய்த நன்மையை நாம் மறக்கவில்லை. எழுத்து வாசனையே கூடாது என்று தடுக்கப்பட்டவன் கையில் சிலேட்டைக் கொடுத்தவர்களை நன்றிகெட்டுப் பேசுவது நமது வழக்கமல்ல. அந்த நன்மையைச் செய்தபோது அவர்கள் ஏழையின் உடம்பைச் சத்துருவாக நினைக்கவில்லை என்பதைத்தான் ஞாபகப்படுத்துகிறோம். பசித்த உடம்புக்குக் கஞ்சியும், நோய்ப்பட்ட உடம்புக்கு மருந்தும் கொடுத்தார்கள். அவர்களுடைய மதத்தில் ஜனங்கள் கண்ணால் கண்ட நல்ல பங்கு அதுதான்.

ஆகவே தோழர்களே! இனி யாராவது உங்களிடம் வந்து மாம்சத்தை ஒடுக்கி ஆவியின்படி நட என்று உபதேசித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கல்லெறியாதீர்கள், மரியாதையாக உட்கார வைத்து நாலு கேள்வி கேளுங்கள். "ஐயா, உங்கள் சபையில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களா? ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படுகிறார்களா? உங்கள் சபைப் பெரியவருடைய தோட்டத்தில் கூலி சரியாகக் கிடைக்கிறதா? அவர் மகன் தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் மகளை விரும்பினால் நீங்கள் நின்று கலியாணம் செய்து வைப்பீர்களா?" என்று கேளுங்கள். நாலுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் இருந்தால், அவர் ஆவியைப் பற்றிப் பேசினாலும் பேசாவிட்டாலும் அவரோடு நாம் சேர்ந்து நடக்கலாம். சொல்ல முடியாதவரானால், அவர் அடக்கவேண்டிய மாம்சம் கூலிக்காரனுடைய குடிசையில் இல்லை. தம் சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.